பாம்புப் பண்ணை வெள்ளைக்காரர்

எங்கள் ஊரில் வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் இப்போது யாரும் தடியைத் தேடுவதில்லை, போனைத் தேடுகிறார்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்வார்கள். அவர்கள் வரத் தாமதமானால், பாம்பு பிடிக்கிற இளைஞர் ஒருவருடைய எண் பாதிப் பேர் கைப்பேசியில் இருக்கிறது. நீளக் கொக்கியும் துணிப்பையுமாக பைக்கில் வந்து இறங்குவார். போன மழைக்காலத்தில் எதிர்வீட்டுக் குளியலறைக்குள் ஒன்று புகுந்துவிட்டது. பெரியவர் ஒருவர் கடப்பாரையோடு நெருங்கியபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் குறுக்கே வந்து நின்றான். "தாத்தா, அடிக்காதீங்க. அது சாரை, விஷம் கெடையாது" என்றான். பெரியவரும் கடப்பாரையைச் சுவரில் சாத்தினார்.

கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் நடுவே, கிழக்கே உப்பளமும் மேற்கே ஏரிப்பாசன வயலுமாக இருந்த ஊர் எங்களுடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்தப் பையன் வயதில் இருந்தபோது சாரை, தண்ணிப்பாம்பு, பச்சைப்பாம்பு எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்புதான். நல்ல பாம்பை அடித்துவிட்டால் மட்டும் பயம் வந்துவிடும். பால் ஊற்றிக் கொளுத்துவார்கள். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, கடிபட்டவன் சிதை எரிகிறதா என்று மரத்தின் உச்சியில் ஏறிப் பார்க்கும் என்று சத்தியம் செய்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். மனிதனைக் கொல்லும் விஷம் இல்லாத பாம்பு அது. வயலில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழுந்தால், சாரையும் நாகமும் கூடுகின்றன என்று வெள்ளை வேட்டியைக் கொண்டுபோய் மேலே போட்டு, அதை மடித்துப் பெட்டியில் வைப்பார்கள், செல்வம் சேருமாம். அவை இரண்டுமே ஆண் சாரைகள். ஒன்றையொன்று தரையில் அழுத்தி ஜெயிக்கப் பார்க்கிற சண்டை அது. 1979-ல் 'நீயா' படம் வந்தபிறகு பாம்பு பழிவாங்கும் என்ற பேச்சு இன்னும் வலுத்தது.

இந்தக் கதைகளோடு கதையாகப் போயிருந்தால் பரவாயில்லை. என் சித்தப்பா போனது அப்படி அல்ல.

அது ஐப்பசி அடைமழை. சித்தப்பா கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். நடுராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஓமத்தண்ணி கொடுத்தார்கள். வலி அடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணிமை இரண்டும் கனத்து இறங்க ஆரம்பித்தன; விரலால் தூக்கிப் பிடித்தால்தான் பார்க்க முடிந்தது. நாக்குக் குழறியது. எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் ஒழுகியது. காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். வண்டி கட்டிச் செங்கல்பட்டுக்குப் புறப்பட்டார்கள். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. உடம்பில் காயம் என்று ஒன்றும் இல்லை. மறுநாள் மூலையில் கிடந்த சாக்கை உதறியபோதுதான், கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகளோடு அது வெளியே வந்தது.

அறுப்புக்குப் பிறகு எங்கள் வயலில் எலி பிடிக்க வரும் இருளர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் உண்டு. துக்கம் கேள்விப்பட்டு வாசலுக்கு வெளியே வந்து நின்றார். என்ன நடந்தது என்று அப்பா சொல்லி முடிக்கும் முன்பே அவர் சொன்னார். "கட்டுவிரியன் சாமி. கடிச்சா வலிக்காது. கொசு கடிச்சாப்ல இருக்கும், தூக்கத்துல தெரியவே தெரியாது. மொதல்ல வயித்த வலிக்கும், அப்புறம் கண்ணு மூடும். தரையில படுக்கிறவங்களத்தான் ராத்திரியில வந்து புடிக்கும்."

இன்று எந்த மருத்துவப் பாடநூலைத் திறந்தாலும் கட்டுவிரியன் கடிக்கு இந்த நான்கு வரிதான் எழுதியிருக்கிறது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அந்த விஷம் அறுத்துவிடும். இமைத் தசை முதலில் விழும், மூச்சுத் தசை கடைசியில் விழும். அந்த நேரத்தில் செயற்கை மூச்சுக் கொடுத்து, விஷமுறிவு மருந்தும் ஏற்றினால் பிழைக்க வைக்கலாம். எழுத்து தெரியாத ஒரு மனிதர் இதில் முக்கால் பங்கை எங்கள் வாசலில் நின்று சொன்னார். எங்கள் வீட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் வயதுப் பையன்கள்கூட அவரை "வாடா" என்றுதான் அழைப்பார்கள். வரப்பு வரை வரலாம், திண்ணையில் உட்காரக்கூடாது. வளையைத் தோண்டி அவர் எடுக்கிற எலியும், எலி சேர்த்துவைத்த நெல்லும்தான் அவருடைய கூலி.

அந்த நாளில் இருளர்களுக்குக் கையில் காசு வந்த முக்கிய வழி பாம்புத் தோல். வியாபாரி சைக்கிளில் வருவார். சாரைத் தோலுக்கு ஒரு விலை, நல்ல பாம்புத் தோலுக்கு ஒரு விலை. உரித்துக் காயவைத்ததைச் சுருட்டிக் கட்டிக் கொண்டுபோவார். அது சென்னைக்குப் போய், பதனிடப்பட்டு, கைப்பையும் செருப்புமாக வெளிநாட்டுக்குப் போனது. இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பாம்புகள் இப்படிப் போய்க்கொண்டிருந்தன. எலி பெருகி நெல்லைத் தின்கிறது என்று ஒரு பக்கம் புலம்பிக்கொண்டே, எலியைத் தின்கிற பாம்பை மறுபக்கம் விற்றுக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஒரு பேச்சு எங்கள் ஊருக்கும் வந்தது. சேலையூரில் ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறாராம். உயிரோடு பாம்பு கொண்டுபோனால் காசு கொடுக்கிறாராம். இருளர்களோடு சேர்ந்து வயலில் வளை தோண்டுகிறாராம். அவர்கள் குடிசையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாராம். கடைசியாகச் சொன்னதை எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை.

அந்த வெள்ளைக்காரர் ரோமுலஸ் விட்டேக்கர். 1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பாம்பைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவருடைய அம்மா அலறவில்லை, வளர்த்துக்கொள் என்று விட்டார். எனக்கு இந்த மனிதர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். அந்த அம்மா டோரிஸ், பின்னர் கமலாதேவி சட்டோபாத்யாயவின் மகன் ராமாவைத் திருமணம் செய்துகொண்டு, பிள்ளைகளோடு 1951-ல் பம்பாய்க்கு வந்தார். பையன் கொடைக்கானலில் படித்தான். விடுதியில் கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பு வைத்திருந்தான். கல்லூரிப் படிப்புக்கு அமெரிக்காவில் வயோமிங் போனவர் அதை முடிக்கவில்லை. ஃபுளோரிடாவில் மியாமி பாம்புக் காட்சியகத்தில் பில் ஹாஸ்ட்டிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

ஹாஸ்ட்டும் பட்டம் பெற்றவர் அல்ல. ராஜநாகம் உட்படப் பாம்புகளை வெறுங்கையால் பிடித்து விஷம் எடுத்தவர். 170 முறைக்கு மேல் கடிபட்டும் நூறு வயது வரை வாழ்ந்தவர். குடுவை வாயில் மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டி, பாம்பை அதன்மேல் கடிக்கவைத்து விஷத்தைச் சேகரிக்கும் வேலையை விட்டேக்கர் அங்கேதான் பழகினார். பிறகு அமெரிக்க ராணுவத்தில் கட்டாயச் சேவை. மருத்துவப் பிரிவில் போட்டார்கள். அதை முடித்துக்கொண்டு 1967-ல் இந்தியாவுக்கே திரும்பினார். சென்னையைச் சுற்றி இருளர்கள் இருக்கிறார்கள், பாம்பைத் தேடிப் பிடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு இங்கே வந்து சேர்ந்தார். தன் ஆசிரியர்கள் இருளர்கள் என்று அவர் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவரைத் தானே கற்றுக்கொண்ட விஞ்ஞானி என்று எழுதுகிறவர்கள் இந்த வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். பாம்பைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் கற்கவில்லை என்பது சரி. அவருக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது, அந்த ஆள் எங்கள் வரப்பில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பாடம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். பெரியவர் வரப்போரம் குந்தி ஒரு வளையின் வாயைப் பார்ப்பார். தொடமாட்டார். சிலந்தி வலை குறுக்கே இருந்தால் எழுந்து அடுத்த வளைக்குப் போய்விடுவார். வாய் ஓரத்து மண் வழவழவென்று தேய்ந்திருந்தால் முகத்தைத் தரையோடு வைத்துச் சாய்வாகப் பார்ப்பார். ஈரமண்ணில் ஒட்டியிருக்கும் ஒற்றைச் செதிலைச் சுண்டுவிரல் நகத்தால் எடுத்து வெயிலுக்குக் காட்டுவார். "இது சட்டை உரிக்கப் போவுது. உள்ள இருக்குது. கண்ணு மங்கியிருக்கும், வெளிய வராது." பக்கத்தில் கிடக்கும் எச்சத்தைக் கிளறி, அதில் எலிமயிர் இருக்கிறதா, தவளை எலும்பா என்று பார்த்து எந்தப் பாம்பு என்று முடிவு கட்டுவார். அதற்குப் பிறகுதான் கடப்பாரை. நேரே குத்தமாட்டார். வளை எங்கே திரும்புகிறது என்று மண்ணைத் தட்டிக் கேட்டு, பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போவார். பாம்பின் மேல் ஒரு கீறல் விழாது.

நான் பிற்பாடு கல்லூரியில் விலங்கியல் படித்தேன். பாம்பு அடையாள அட்டவணை என்று ஒன்றை எங்கள் காலத்து மாணவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். வால் தட்டையா உருண்டையா. வயிற்றுச் செதில் முழு அகலமா. மேலுதட்டு மூன்றாம் செதில் கண்ணையும் நாசியையும் தொட்டால் நாகம். முதுகு நடுவில் அறுகோணச் செதில் வரிசை பெரிதாக இருந்தால் கட்டுவிரியன். ஃபார்மலின் ஜாடியிலிருந்து வெளுத்துப்போன பாம்பை எடுத்துத் தட்டில் வைத்துச் செதில் எண்ணுவோம். அந்த அட்டவணை பொய் இல்லை, இன்றும் உதவும். ஆனால் செத்த பாம்பு கையில் இருந்தால்தான் உதவும். உயிருள்ள பாம்பு எங்கே இருக்கும், எப்போது வெளியே வரும், எதைத் தின்னும், எத்தனை முட்டை இடும் என்று எங்கள் ஆசிரியர்களிடம் கேட்டால் பதில் வராது. வயலில் இறங்கி உட்கார்ந்தவர்களிடம்தான் அந்தப் பதில் இருந்தது.

விட்டேக்கர் சேலையூரில் சிறிதாகத் தொடங்கிய பாம்புப் பண்ணை 1972-ல் கிண்டிக்கு வந்தது. பள்ளியிலிருந்து எங்களை அழைத்துப்போனார்கள். பள்ளமான தொட்டிகளைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம். பணியாளர் ஒருவர் உள்ளே இறங்கி, கண்ணாடி விரியன் எது, மலைப்பாம்புக் குட்டி எது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். சாரையைக் கையில் ஏந்தி எங்களைத் தொடச் சொன்னார். வழுவழுப்பாக, ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். காய்ந்த, குளிர்ந்த தோல். வீட்டுக்குப் போனதும் பாட்டி தலையோடு குளிக்கச் சொன்னாள். அன்று தொட்டவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு சாரையை அடித்திருக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. சென்னையையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த லட்சக்கணக்கான பிள்ளைகள் இப்படித்தான் அந்தத் தொட்டியைச் சுற்றி நின்று பயம் தெளிந்தார்கள். எதிர்வீட்டில் குறுக்கே வந்து நின்றானே, அந்தப் பையனுடைய அறிவுக்கு ஊற்று அங்கே இருக்கிறது.

1978-ல் விட்டேக்கரின் இந்தியப் பாம்புகள் கையேடு வந்தது. ஆங்கிலப் புத்தகம், மெலிந்த புத்தகம். கடித்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பது வரை சாதாரண ஆளுக்குப் புரிகிற மொழியில் இருந்தது. நான் ஆசிரியர் வேலைக்குப் போனபிறகு என் வகுப்பில் பாம்புப் பாடம் வந்தால் அந்தப் புத்தகத்தைத்தான் கையில் வைத்திருப்பேன்.

இதற்கு நடுவில்தான் பெரிய சங்கடம் ஒன்று வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. தடை வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் விட்டேக்கரும் ஒருவர். தடை நியாயமானது. ஆனால் அந்த ஒரே ஆணையில் அவருடைய ஆசிரியர்கள் அத்தனை பேரின் அடுப்பும் அணைந்தது. பாம்பைத் தொட்டால் குற்றம் என்றானது. வேறு வேலை கொடுக்க ஊரில் ஆளில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் இருளர்கள் கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போனது அந்த ஆண்டுகளில்தான். அந்த முன்பணம் கொத்தடிமைத்தனத்தில் முடிந்த கதைகள் பல.

பாம்பைக் காப்பாற்றியாகிவிட்டது என்று அவர் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை என்பதுதான் அவரை நான் மதிப்பதற்கு முதல் காரணம். பாம்பைக் கொல்லாமல் இவர்கள் அதே திறமையால் பிழைக்க என்ன வழி என்று யோசித்தார். ஹாஸ்ட்டிடம் கற்ற குடுவை இங்கே கைகொடுத்தது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் அதன் இடம்.

அங்கே விஷம் எடுப்பதைப் பார்க்கலாம். மணல் பரப்பிய பள்ளமான தளத்தில் வரிசையாக மண்பானைகள். வாயில் பருத்தித் துணி கட்டி, எந்தப் பாம்பு, என்றைக்கு வந்தது என்று எழுதியிருப்பார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்குதான். நம் நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவை இந்த நான்கால் என்பதால். ஒருவர் பானையைச் சாய்த்துப் பாம்பைக் கொக்கியால் வெளியே எடுக்கிறார். கழுத்தருகே பிடிக்கிறார், அழுத்தம் துளி அதிகமானால் பாம்புக்குக் காயம், துளி குறைந்தால் அவருக்குச் சாவு. சவ்வு கட்டிய குடுவை விளிம்பை வாயருகே கொண்டுபோகிறார். பல் இறங்கும் சத்தம்கூடக் கேட்கும். மஞ்சள் துளி கண்ணாடிச் சுவரில் வழிகிறது. கட்டுவிரியன் கொடுப்பது நிறமற்ற ஒரு பொட்டு, அவ்வளவுதான். சித்தப்பாவைக் கொண்டுபோனது அந்தப் பொட்டுதான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரு பாம்பை மூன்று நான்கு வாரம் வைத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருக்கிற பாம்பு மறுபடி கையில் சிக்கினால் எடுக்கமாட்டார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை உரிமத்தில் எண்ணிக்கை போட்டுக் கொடுக்கும். எடுத்த விஷத்தை உறையவைத்து உலர்த்தினால் பொடியாகும். அந்தப் பொடி மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தால் அதுதான் விஷமுறிவு மருந்து. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக அந்த மண்பானைகளிலிருந்துதான் வந்திருக்கிறது. தோலுக்காக ஒரு முறை செத்த பாம்பு, இப்போது நான்கு முறை விஷம் கொடுத்துவிட்டு உயிரோடு வளைக்குப் போகிறது. பிடித்தவருக்கும் கூலி, உறுப்பினருக்குச் சங்கத்தில் பங்கு. எங்கள் ஊர்ப் பக்கத்து இருளர் ஒருவர் சட்டைப்பையில் வனத்துறை அனுமதியோடும் சங்க அடையாள அட்டையோடும் பேருந்தில் உட்கார்ந்து போனதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமில்லை.

அந்த முதலைப் பண்ணையும் விட்டேக்கர் 1976-ல் தொடங்கியதுதான். அப்போது அந்தச் சாலையில் சவுக்குத் தோப்பும் மணலும்தான். ஆறுகளில் முதலைகள் அருகிப்போயிருந்த நேரம். கங்கைச் சமவெளியின் நீள்மூக்கு முதலையான கரியால் இருநூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. சதுப்பு முதலைகளை அடைத்துவைத்து இனப்பெருக்கம் செய்ய முடியுமா என்று பார்க்கத்தான் பண்ணை. முடிந்தது. பெண் முதலை ஒரே பருவத்தில் இரண்டு முறை முட்டையிடும் என்பதை இங்கே பதிவுசெய்தார்கள். முட்டை எந்த வெப்பத்தில் பொரிகிறதோ அதைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகும் என்ற ஆராய்ச்சியும் சதுப்பு முதலைக்கு இந்தப் பண்ணையில்தான் நடந்தது, 32.5 டிகிரியை ஒட்டி ஆண் அதிகம், அதற்குக் கீழே போனால் பெண். குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின.

பிறகு என்ன ஆயிற்று என்றால், பெருக்கிய முதலையை விடுவதற்கு ஆறு இல்லை. மணல் அள்ளிய ஆற்றில், அணை கட்டிய ஆற்றில், கரையெல்லாம் ஊராகிவிட்ட ஆற்றில் எங்கே கொண்டுபோய் விடுவது? தொண்ணூறுகளில் விடுவிப்பு நின்றுபோனது. தொட்டிகளில் முதலை மேல் முதலை கிடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நூற்றுக்கணக்கானவற்றைக் குஜராத்தில் ஜாம்நகருக்கு அனுப்பினார்கள். அதைப் பார்த்துப் பண்ணை தோற்றுவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். விலங்கை வளர்த்துக் கொடுப்பது விஞ்ஞானியின் வேலை. ஆற்றை வைத்திருப்பது நம் வேலை.

கர்நாடகத்தில் ஆகும்பே காட்டில் 2005-ல் அவர் தொடங்கிய ஆய்வு நிலையத்தில் ராஜநாகத்துக்கு ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். இலையைக் கூட்டிக் கூடு கட்டி, முட்டையைத் தாய் காக்கிற பாம்பு அது. அந்தப் பகுதி மலைகளின் ராஜநாகம் தனி இனம் என்று 2024-ல் பிரித்துப் பெயர் வைத்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர், ஆகும்பேயில் அவரோடு வேலைசெய்து வளர்ந்தவர்.

எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது 2020-ல் வந்த ஒரு கட்டுரை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம். ஆண்டுக்குச் சராசரி 58,000. மருத்துவமனைப் பதிவேட்டை வைத்துக் கணக்கிட்டதல்ல அது. வீடு வீடாகப் போய், இறந்தவருக்குக் கடைசி நேரத்தில் என்ன நேர்ந்தது என்று உறவினர்களிடம் கேட்டு, மருத்துவர்கள் காரணத்தை முடிவுசெய்த ஆய்வு. மருத்துவமனை போகாமல் வீட்டிலோ வழியிலோ செத்தவர்கள் மருத்துவமனைக் கணக்கில் இல்லை. என் சித்தப்பாவும் இல்லை. செத்தவர்களில் கால்வாசிக்கு மேல் பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். கட்டுரை எழுதியவர்களின் வரிசையில் உலகப் புகழ்பெற்ற மருத்துவர் டேவிட் வாரலுக்கு அடுத்து விட்டேக்கர் பெயர் இருக்கிறது. அரசை அசைத்தவற்றில் இந்த எண்ணிக்கையும் ஒன்று. 2030-க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைக்கத் தேசியச் செயல்திட்டம் 2024-ல் வந்தது. அதே ஆண்டின் கடைசியில் தமிழ்நாடு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இனி எந்த மருத்துவமனைக்குக் கடிபட்டவர் வந்தாலும் அரசுக்குச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் செய்ததை அருகில் இருந்து பார்த்தேன். தோட்ட வேலை செய்கிற பெண்ணைப் புதரோரம் ஏதோ கடித்துவிட்டது. சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து அசையாமல் நிறுத்தினார். கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். இருபது நிமிடம் ஆனதும் குழாயை ஒருமுறை சாய்த்தார். உறையாமல் தண்ணீராக ஓடியது. "விரியன்மா. பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே மருந்துக் குப்பிகளை எடுத்துக் கலக்க ஆரம்பித்தார். பத்துக் குப்பி ஏறியது. அந்தப் பெண் நடந்து வீட்டுக்குப் போனார்.

விட்டேக்கருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023-ல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் கிடைத்தது. 2017 ஜனவரியில் இவர்கள் இருவரையும் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் அழைத்துப்போனது. அங்கே வளர்ப்புக்கென்று வாங்கியவர்கள் விட்டுவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலத்தில் பெருகி, முயலையும் மானையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. தெரியாத மண், தெரியாத புல், மொழியும் தெரியாது. புல் சாய்ந்திருக்கும் பக்கத்தையும் எச்சத்தையும் பார்த்துத் தேடிப்போய், முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்துக்குள் இருந்த 16 அடிப் பெண் பாம்பு அதில் ஒன்று. விட்டேக்கர் கையில் வித்தையோடு ஃபுளோரிடாவிலிருந்து இங்கே வந்தார். அரை நூற்றாண்டு கழித்து அவருடைய ஆசிரியர்களின் இனத்தார் தங்கள் வித்தையோடு அதே ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். குடியரசுத் தலைவர் அந்த இருவருக்கும் பதக்கம் அணிவித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அவர்களை ஒருமையில் கூப்பிட்ட எங்கள் ஊர்த் தெருக்கள் எல்லாம் எனக்குக் கண்முன் வந்தன.

இத்தனை மதிப்பு கூடி வந்த நேரத்தில் வயல் போய்விட்டது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். ஏரி ஆயக்கட்டில் மனைப்பிரிவுக் கல் நட்டிருக்கிறார்கள். சிறுசேரியில் கணினி நிறுவனங்கள். வளை தோண்டிய வரப்பின்மேல் அடுக்குமாடி. பாம்பு இன்னும் இருக்கிறது. காலி மனையின் முள்புதரிலும் கட்டடக் குப்பையிலும் இருக்கிறது. ஆனால் அங்கே கடப்பாரை போட முடியாது. செதிலை நகத்தால் எடுத்து வெயிலுக்குக் காட்டுகிற பாடத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஈரமண் வேண்டும். இருளர் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவது நல்லது, போகத்தான் வேண்டும். இந்த வேலையில் இருக்க விரும்புகிற பிள்ளைக்கு இது கௌரவமான, நல்ல சம்பளமுள்ள வேலையாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இருளர் அறிவுக்கு இனித் தேவை குறைவு என்று சிலர் பேசுகிறார்கள். ஒரே பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். தமிழ்நாட்டு விஷத்தால் செய்த மருந்து வேறு மாநிலங்களில் அதே அளவு வேலை செய்வதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது உண்மை. அதற்காக வடநெம்மேலிப் பானைகளை மூடுவது என்ன நியாயம்? ராஜஸ்தான் மணலிலும் வங்காளத்து வயலிலும் அசாமிலும் அந்தந்த ஊர்ப் பாம்பைக் காயமில்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விடுகிற ஆட்கள் இனிமேல்தான் தேவைப்படப்போகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நாற்பது ஆண்டுக்கு மேல் அனுபவமுள்ள சங்கம் ஒன்று நம்மிடம் தயாராக இருக்கிறது. அரசு அதைப் பயிற்சி நிலையமாக்க வேண்டும், இருளர்களைப் பயிற்றுநர்கள் என்ற பதவிப் பெயரோடு, அதற்கான ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். பட்டம் கேட்கக் கூடாது. பட்டத்தைப் பார்க்காமல் வேலையைப் பார்த்து ஒருவரை இந்த நாடு விஞ்ஞானியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களிடம் மட்டும் சான்றிதழ் கேட்பது முறையில்லை.

எண்பதைத் தாண்டிய விட்டேக்கர், எழுத்தாளர் ஜானகி லெனினோடு சேர்ந்து தன் வாழ்க்கையை எழுதிவருகிறார். 2024-ல் வெளிவந்த முதல் புத்தகம் அவருடைய இளமைக் காலத்தைச் சொல்கிறது. நியூயார்க், பம்பாய், கொடைக்கானல், மியாமி எல்லாம் அதில் வருகின்றன. சேலையூரும் செங்கல்பட்டு வயல்களும் அதற்குப் பிந்தைய காலம். அந்தப் பகுதிக்காகக் காத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வரப்புகளில் அவரோடு நடந்த இருளர்கள் எத்தனை பேருடைய பெயரை அவர் எழுதுவார் என்று பார்க்க வேண்டும்.